தொப்பிக்குள் ஆறு நட்டு

குவார்ன்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் கெரினுக்கு,

உன் அப்பா ராய்ஸ் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நாய் சுகம். வண்டியும், முன்பக்க இடது சக்கரத்தில் ஒரு போல்ட் நீங்கலாக, சுகம். சுரங்கத்தில் நீயும் நீ பழுது பார்க்கிற லாரிகளும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்று நீதான் சொல்வாய். இது அம்மாவுக்குத் தெரியக்கூடாத விஷயம்.

வரும் சனிக்கிழமை போர்ட் அகஸ்டாவிலிருந்து ஒருவர் நம் வண்டியை விலைக்குப் பார்க்க வருகிறார். எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. போன ஜூலையில் பாலைவனத்தில், பேர்ட்ஸ்வில் பாதையில் பஞ்சரானது உனக்குத் தெரியும், ஆனால் முழுக்கதையும் தெரியாது. நாற்பத்தோரு வருஷமாக எங்களுக்குள் ஒரு முறை உண்டு. நான் நட்டைக் கழற்றுவேன், அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தன் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து நட்டை வாங்கிக்கொள்வாள். மணலில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. அன்றைக்கு ஆபரேஷன் செய்த தோளை வைத்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்பினேன், அசையவில்லை. ஏறி நின்றேன், அசையவில்லை. குதித்தேன், நான்தான் விழுந்தேன். அம்மா காலித் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அந்தப் பாதையில் யார் நின்றாலும் வருகிற வண்டி நிறுத்திக் கேட்க வேண்டும், அது மரியாதைகூட இல்லை, வழக்கம். நானே நூறு பேருக்கு நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்கு நிறுத்தியது குதிரை ஏற்றுகிற டிரெய்லரைத் தன் வண்டியில் இழுத்துக்கொண்டு வந்த ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும். சீட்டுக்குப் பின்னாலிருந்து நட்டைக் கழற்றுகிற பேட்டரி இம்பாக்ட் கன் ஒன்றை எடுத்தாள், அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் ஆறு நட்டும் அம்மாவின் தொப்பியில் விழுந்தன. அம்மா அவளுக்கு கேக் கொடுத்தாள். நான் இருநூறு கிலோமீட்டர் வாய் திறக்கவில்லை. எதிரே வந்தவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னபோது நான் விரலையும் தூக்கவில்லை. எனக்குப் பதிலாகப் பக்கத்து சீட்டிலிருந்து அம்மாதான் தூக்கிக்கொண்டே வந்தாள்.

வண்டியை விற்கிற பேச்சு அதற்குப் பிறகு வந்ததுதான். சனிக்கிழமைக்குள் நானே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டிவிட்டால் வண்டி தப்பும் என்று கணக்குப் போட்டேன். அந்த மாதிரி கன் எது வாங்கலாம் என்று உன்னைக் கேட்டேன். "நடுத்தரமா ஒண்ணு போதும்பா. வீட்ல என்ன பேட்டரி இருக்குன்னு மொதல்ல பாரு, அதுல ஓடறதா வாங்கு" என்று சொன்னாய். நல்ல யோசனைதான். ஆனால் நம் வீட்டில் இரண்டு கட்சி இருப்பதை நீ மறந்துவிட்டாய். என் ஷெட்டில் டிரில், ரம்பம், விளக்கு, ரேடியோ எல்லாம் சிவப்புக் கம்பெனி. அம்மாவின் செடி வெட்டுகிற மெஷினும் சருகு ஊதுகிற மெஷினும் பச்சை. ஒன்றின் பேட்டரி இன்னொன்றில் சேராது. பக்கத்து வீட்டு லின்டன் நீலக் கட்சி, சிவப்பைத் தூக்கிக்கொண்டு என் வேலிப் பக்கம் வராதே என்று சொல்லியே அனுப்பினான். கடையில் சிவப்பில் நடுத்தரம் தீர்ந்துவிட்டது. பச்சையில் இருந்தது. உன்னிடம் மறைப்பானேன், எடுத்துப் பார்த்தேன், கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது. ஆனால் என் ஷெட்டில் ஒரு பச்சையை எந்த ஆணியில் மாட்டுவது, சொல். சிவப்பில் இருந்த பெரியதை வாங்கி வந்தேன். பேட்டரியோடு மூன்றரை கிலோ. சக்கரம் கழற்றத் தோள் இல்லை என்று வாங்கிய சாமானைத் தூக்கவே ஒரு நல்ல தோள் வேண்டும் என்பது வீட்டுக்கு வந்துதான் உறைத்தது.

நேற்று அம்மா வழக்கம்போல் போர்வை தைக்கிற குழுவுக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். வாளியைக் கவிழ்த்து, மேலே சோபா குஷனை வைத்து, அதன்மேல் கன்னைச் சாய்த்துக்கொண்டு அமுக்கினேன். ஊரே கேட்கிற சத்தம், நட்டு அசையவில்லை. டயர் கடைக்காரன் மட்டுமீறி முறுக்கிவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டே இன்னும் அமுக்கினேன். டமால் என்று போல்ட் முறிந்து நட்டோடு பறந்து அம்மாவின் ஜெரேனியத்துக்குள் விழுந்தது. லின்டன் தகர வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"ராய்ஸ், கழட்டறியா, இறுக்கறியா?"

அப்புறம்தான் திசை மாற்றுகிற பொத்தானைப் பார்த்தேன். அது இறுக்குகிற பக்கம் இருந்தது. அம்மா வந்து என்ன சத்தம் என்று கேட்டதற்கு லின்டன் ஏதோ வேலை செய்கிறான் என்று சொல்லிவிட்டேன். குஷனைத் திருப்பிப் போட்டுவிட்டேன், மசி தெரியாது. புது போல்ட் வியாழக்கிழமை வருகிறது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். சனிக்கிழமைக்கு முன்னால் அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பாவால் முடியும் என்று ஒரு பொய் சொல். நீ மெக்கானிக், உன் பேச்சை நம்புவாள். முடியாது என்று எனக்கே தெரியும் கண்ணு. சக்கரம் கிடக்கட்டும். வீட்டில் அவள் ஒரு அறை, நான் ஷெட். அந்தப் பாதைத் தூசியில்தான் தொப்பியை ஏந்திக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவாள். வண்டி போனால் அது போச்சு. என்னால் அதைத் தாங்க முடியாது.

வெயிலில் தலையைக் காட்டாதே, வேளைக்குச் சாப்பிடு, லாரிக்கு அடியில் படுக்கும்போது இருமுறை பார்த்துப் படு. எல்லா நலமும் உனக்கு வர வேண்டும் என்று நினைத்தபடி,

உன் அப்பா ராய்ஸ்

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். மேலே எழுதியதை மறந்துவிடு. கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தபால்தலை தேடப் போனேன், திரும்பி வந்தால் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோட்டச் சாமான் அலமாரியைத் திறந்து, செடி வெட்டுகிற மெஷினுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள், பச்சையில், நடுத்தரமாக ஒரு கன். ஆகஸ்டிலேயே வாங்கிவிட்டாளாம். போர்வைக் குழு எப்போதோ கலைந்துவிட்டதாம். திங்கட்கிழமைதோறும் லின்டன் வண்டியின் சக்கரத்தைக் கழற்றி மாட்டித்தான் பழகியிருக்கிறாள். பச்சையைத் தொட மாட்டேன் என்று அவன் கையைக் கட்டிக்கொண்டு தூர நின்றே சொல்லிக்கொடுத்தானாம். நேற்று அவன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். போர்ட் அகஸ்டாவிலிருந்து யாரும் வரப்போவதில்லை. அப்படி ஒரு ஆளே இல்லை.

"நீயா உதவி கேப்பேன்னு பாத்தேன், கேக்கல. வண்டிய விக்கறேன்னு சொன்னாலாவது வாயத் தொறப்பேன்னு நெனச்சேன்" என்றாள்.

பிறகு என்னைப் பின்சக்கரத்துப் பக்கம் உட்காரச் சொன்னாள். முழங்கால் வலித்தது, உட்கார்ந்தேன். "தொப்பியக் கழட்டு" என்றாள். கழற்றிப் பிடித்தேன். பச்சையால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாள், ஆறு நட்டு. அவள் முகம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று எனக்கு நாற்பத்தோரு வருஷமாகத் தெரியாது. மே மாதம் கிளம்புகிறோம். பெரிய சிவப்பை உனக்கு அனுப்புகிறேன், லாரிக்கு ஆகும்.