முக்காலியைப் பிடித்த வெப்பப் பேய்

வெப்பப் பேயைப் பெண்களின் உள்ளங்கை வழியாகவே விரட்டும் மகான் குளிர்சாமி ஊருக்கு வந்துவிட்டார்! தையல் ஆலைக்கு எதிரே மாடி அறையில் அருள்பாலிக்கிறார். நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களின் வரிசை படியிறங்கித் தெருமுனை வரை நிற்கிறது. திடீரென்று உடம்பு தகிக்கிறதா? வியர்த்துக் கொட்டுகிறதா? தூக்கம் போச்சா? கணவனைக் கண்டாலே எரிச்சலா? (கடைசி வியாதிக்குப் பேய் வேண்டாம், கணவனே போதும்.) மாதவிடாய் நிற்கிற வயதில் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் வருவதுதான். குளிர்சாமிக்கு மட்டும் அது பேயாகத் தெரிகிறது. ஞானக்கண் அல்லவா!

எதிர் ஆலையில் இஸ்திரி போடும் அக்கா ஒருத்தி இங்கே வருவது மூன்றாவது தடவை. அவளுக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதமாக மறுபடி ரத்தம் படுகிறது. மருத்துவமனை திறந்திருக்கும் நேரமெல்லாம் அவளுக்கு வேலை நேரம். வீட்டில் பேச்செடுத்தால் கணவன் எழுந்து வெளியே போய்விடுவான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்ட முதல் ஆள் குளிர்சாமிதான். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

"ரத்தம் வந்தா நல்லது தாயி, பேய் வெளியேறுது. ஆஸ்பத்திரிக்குப் போனா உள்ளயே தங்கிடும்" என்று அவர் சொல்லியிருந்தார்.

இன்று துணைக்கு அவள் தங்கச்சி வந்தாள். அவளும் இஸ்திரிக்காரிதான். சாமி அக்காவின் உள்ளங்கையில் மந்திரத் தண்ணீரைத் தெளித்து, வெள்ளித்தாள் உருண்டை ஒன்றை வைத்து மூடினார்.

"ஐயோ, சுடுது!" என்று அக்கா கையை உதறினாள்.

"பேய் இறங்குது!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஒரு நிமிஷம் சாமி" என்றாள் தங்கச்சி. "நாங்க புதுத் துணியில எடுத்ததும் பெட்டிய வெக்கமாட்டோம். கழிவுத் துணியில வெச்சுப் பாத்துட்டுத்தான் வெப்போம். இதையும் அப்படிப் பாத்துடலாமா?"

"தொடாதே! தெய்வ குத்தம்!"

அதற்குள் சாமியின் தட்டிலிருந்த இன்னொரு உருண்டை தங்கச்சி கைவழியாகப் பக்கத்திலிருந்த முக்காலிக்குப் போய்விட்டது. மேலே அதே மந்திரத் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் ஆவி பறந்தது. முன்வரிசைக்காரி தொட்டுப் பார்த்து, "அம்மாடி!" என்று விரலை இழுத்துக்கொண்டாள்.

"ஏன் சாமி, முக்காலிக்கும் மாதவிடாய் நின்னுபோச்சா?" என்று கேட்டாள் தங்கச்சி.

சிரிப்பு படிக்கட்டு வரை உருண்டது.

"தாள்ல ஏதோ மருந்து தடவியிருக்கான். தண்ணி பட்டா சூடாகுது. அவ்வளவுதான்டி பேய்!" என்றாள் தங்கச்சி. குளிர்சாமிக்கு வியர்த்துக் கொட்டியது. அவரை எந்தப் பேய் பிடித்ததோ!

"அப்ப எனக்கு வர்ற ரத்தம்?" என்றாள் அக்கா மெதுவாக. அறையில் சிரிப்பு நின்றது.

மறுநாள் இருவரும் லீவு போட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். புற்றுநோயா என்று பரிசோதிக்கக் கருப்பையிலிருந்து துளி சதை எடுத்த டாக்டரம்மா கடிந்துகொண்டார். "மாதவிடாய் நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே வரணும்மா. மூணு மாசம் என்ன பண்ணீங்க?"

முடிவு தெரியப் பத்து நாள் ஆகுமாம்.

நல்லபடியாகவே வரட்டும். ஆனால் தாய்மார்களே, கத்திரிக்காய் வாங்கும்போது நாலு தடவை புரட்டிப் பார்க்கிறீர்கள். உயிரோடு விளையாட வந்தவனை ஒரு தடவையாவது புரட்டிப் பார்க்கக் கூடாதா?