குழாய்கள் ஓய்வெடுக்கும்

நான் எழுதியதை நானே நம்பிவிடும் வியாதி எனக்கு உண்டு. மழை என்று எழுதினால் ஜன்னலைச் சாத்த எழுந்துவிடுவேன். வியாதி முதன்முதலில் வெளிப்பட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி முழுக்க வாளிகள் நிரம்பி வழிந்த நாள் அது.

தொண்ணூறுகளின் கடைசி. கோலாலம்பூரில் தண்ணீர் விநியோகிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் நான் தற்காலிக ஊழியன். கல்யாணமாகி நாலே மாதம். வேலை நிரந்தரம் என்று மாமனாரிடம் அடித்துச் சொல்லித்தான் மாலாவைக் கட்டியிருந்தேன். (காதல் வந்தால் வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும்லா.) அந்தப் பொய் உண்மையாக வேண்டிய வாரம் அது. வெள்ளிக்கிழமை என் நிரந்தரக் கடிதத்தில் பிரிவுத் தலைவர் சுந்தரலிங்கம் சார் கையெழுத்திட வேண்டும்.

சார் யாழ்ப்பாணத் தமிழர். தாத்தா காலத்திலிருந்து உத்தியோகக் குடும்பம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பச்சை மைப் பேனா. மின்னஞ்சலைக்கூட அச்செடுத்து மேசையில் வைத்தால்தான் படிப்பார்.

அதுவரை இணையப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு போட வேண்டுமானால், டிஸ்கெட்டில் போட்டுக் கணினிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு மூன்று நாள் காத்திருப்போம். தண்ணீர் வராது என்ற அறிவிப்பு வருவதற்குள் தண்ணீரே வந்துவிடும். அதனால் புதிதாக ஒரு சிஸ்டம் வாங்கினார்கள். அந்தந்தப் பிரிவில் ஒருவர் எழுதுவார், தலைவர் 'அப்ரூவ்' பொத்தானை அமுக்குவார், உடனே வெளியாகிவிடும். கணினிப் பிரிவிலிருந்து லிம் என்ற பெண் வந்து ஒரு காலைப்பொழுது பாடம் நடத்தினார். உங்கள் தலைவர் அப்ரூவ் செய்யாமல் ஓர் எழுத்துகூட வெளியே போகாது, அதனால் என்ன வேண்டுமானாலும் எழுதிப் பழகுங்கள் என்றார்.

எங்கள் பிரிவு நடைமுறை அவருக்குத் தெரியாது. முதல் நாளே சார் தன் பாஸ்வர்டை மஞ்சள் தாளில் எழுதி என்னிடம் நீட்டியிருந்தார்.

"தம்பி, தாள்ல நான் கையெழுத்துப் போடுறேன். அந்தப் பெட்டிக்குள்ள எனக்காக நீ போட்டுரு, என்ன?"

அவருடைய ரப்பர் முத்திரையும் என் இழுப்பறையில்தான் கிடந்தது. அதோடு இதையும் போட்டு வைத்தேன்.

வியாழன் மதியம் மூன்று மணி. பழகிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். திரையில் ஒரு வெள்ளைப் பெட்டி திறந்தது. உள்ளே ஒற்றைக் கோடு கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. வெற்றிடத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மலாயில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'அன்பானவர்களே, நாளை காலை எட்டு மணி முதல் உங்கள் குழாய்கள் ஓய்வெடுக்கும். இரவும் பகலும் உங்களுக்காக ஓடியவை அவை. இன்றே வாளிகளை நிரப்பிக்கொண்டு, அவற்றைத் தூங்க விடுங்கள்.'

எந்த வட்டாரம் என்று கேட்டது. என் வீடு இருப்பதால் பிரிக்பீல்ட்ஸ். சார் வீடு இருப்பதால் பங்சார். (ஒரு மரியாதைக்குத்தான்.) அனுப்பினேன்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். சார் பக்கத்தில் இது எப்படித் தெரியும் என்று ஓர் அரிப்பு. மஞ்சள் தாளை எடுத்தேன், சாராக உள்ளே நுழைந்தேன். என் அறிவிப்பு எனக்காகக் காத்திருந்தது. படித்தேன். அழகாகத்தான் இருந்தது. அப்ரூவ் செய்தேன்.

மூளையில் மணி அடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. தலைவர் ஒப்புக்கொள்ளாமல் வெளியே போகாது என்றார் லிம். தலைவரோ அந்நேரம் கேன்டீனில் கறிபாப் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கே ஒப்புக்கொண்டார்?

ஆறு மணிக்கு வீடு திரும்பினால் கீழ்த்தளத்தில் ஒரே பரபரப்பு. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா கையில் இரண்டு புது வாளிகள்.

"தம்பி, நீங்க தண்ணி ஆபீஸ்தானே? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நாளைக்குத் தண்ணி இல்லயாம்லா!"

"எனக்கே தெரியாதுக்கா! மேல இருக்கிறவனுங்க எங்ககிட்ட எதையும் சொல்றதில்ல!"

படியேறி ஓடினேன். மாலா அதற்குள் கல்யாணத்துக்கு வந்த ஐந்து ரைஸ் குக்கர்களிலும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். நான் தலைமை ஏற்றேன். பொறுப்பில்லாத நிர்வாகம், மக்களைப் பற்றி அக்கறையே கிடையாது என்று திட்டிக்கொண்டே பூ ஜாடியைக்கூட நிரப்பினேன்.

"ஆனா நோட்டீஸ நல்லாத்தாங்க எழுதியிருக்காங்க," என்றாள் மாலா. "மூணாம் மாடி அண்ணே ஆபீஸ்ல இன்டர்நெட்ல பாத்து பிரிண்ட் எடுத்துட்டு வந்தாராம். கீழ லிஃப்ட்கிட்ட ஒட்டியிருக்கு, பாக்கல?"

"என்னன்னு எழுதியிருக்கு?"

"பைப்பெல்லாம் ரெஸ்ட் எடுக்குமாம்."

ஜாடி கை நழுவியது.

சார் வீட்டுக்குத் தொலைபேசினேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவர் பாத்ரூம்ல தண்ணி பிடிச்சிட்டு இருக்கார் தம்பி. நாளைக்கு வராதாமே?"

சார் வந்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சரி, எழுதினது நீ. அப்ரூவ் பண்ணினது யாரு?"

"நீங்கதான், சார்."

மறுமுனையில் அவர் வீட்டு வாளி நிரம்பி, தரையில் வழியும் சத்தம் மட்டும் கேட்டது.

அரைமணி நேரத்தில் யாரையோ பிடித்து அறிவிப்பை எடுக்க வைத்தார். மறுநாள் காலை இருவரையும் பெரிய மேனேஜர் அழைத்தார். விடியவிடியப் புகார்த் தொலைபேசிகள். அவர் கையிலிருந்த தாளில் எழுதியவர் என்று என் பெயர், ஒப்புதல் தந்தவர் என்று சார் பெயர். யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கடியில் பளபளப்பான சப்பாத்து ஒன்று என் காலை அழுத்தியது.

"கையெழுத்து என்னுடையது," என்றார் சார். "அதைக் கண்டவனிடம் கொடுத்து வைத்ததும் நான்தான்."

கறையே படாத அவருடைய கோப்பில், ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது, முதல் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. வெளியே வந்ததும் நிரந்தரக் கடிதத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவர்தான் பேனாவைத் திறந்தார்.

"உன் கடிதம் எங்க? கொண்டு வா. கோபம் வர்றதுக்குள்ள போட்டுர்றேன்."

போட்டார். பச்சை மை. மாமனாரிடம் சொன்ன பொய் அன்று உண்மையானது.

"இனிமே கவித வந்தா வீட்ல வெச்சு எழுது," என்றார். பிறகு பாஸ்வர்டை மாற்றச் சொல்லித்தரும்படி கேட்டார். சொல்லித்தந்தேன். என்னைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் விசைப்பலகையை மூடிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

மதியம் அழைத்தார்.

"தம்பி, காலையில என்ன போட்டேன், உனக்குத் தெரியுமா?"

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மதியம் நான் கண்ணயர்ந்தால், தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களிடம் மகள் சொல்கிறாள்: "அப்பா பைப் ரெஸ்ட்ல இருக்கு. நாலு மணிக்கு மேல கூப்பிடுங்க." எதை எழுதி முடித்தாலும் முதலில் மாலாவிடம்தான் நீட்டுகிறேன். அவள் ஒப்புக்கொள்ளாமல் எங்கள் வீட்டிலிருந்து ஓர் எழுத்துகூட வெளியே போகாது. இந்தக் கட்டுரையையும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டாள்:

"வாளிய எடுக்கவா?"