ஏழாவது குகையும் கூமாப்பட்டிப் பெரியப்பாவும்

வைகுண்டராஜ் ஆறாவது குகையைத் தாண்டிய நேரத்தில் வாசலில் சுடலைமாடத்தியின் குரல் கேட்டது.

"படம் போட்டாச்சா தம்பி?"

1994-இல் ராஜபாளையத்தின் அந்தச் சந்துக்கு, ஞாயிற்றுக்கிழமைப் படம் என்றால் அவன் வீட்டு டிவிதான். அன்று அதில் அரிக்கேன் விளக்கோடு ஒரு குட்டி மனிதன் புதையல் தேடிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் ஸ்ரீவில்லிபுத்தூர் சித்தப்பா வீட்டில் லீவுக்கு லீவு விளையாடிய வீடியோ கேம். ஏழாவது குகையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமலே வளர்ந்து, மில்லில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டான். போன வாரம்தான் சித்தப்பா பரணிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதல் குகையிலிருந்துதான் வர வேண்டும்.

"இன்னைக்கு டிவி போடக் கூடாதுக்கா. எங்க பெரியப்பா இறந்துட்டாவ" என்று உள்ளறையிலிருந்தே சொன்னான்.

சாவு விழுந்த துட்டி வீட்டில் டிவி போட மாட்டார்கள். அதோடு தொல்லை விட்டது என்று நினைத்தான். துட்டி கேட்க ஆள் வரும் என்பதை மறந்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் முன்னறை நிறைந்துவிட்டது. மனைவி பரிபூரணம் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"எந்தப் பெரியப்பா? உங்க வீட்டுல மாமாதானே மூத்த ஆளு?"

"தூரத்துப் பெரியப்பா. கூமாப்பட்டி."

"வந்தவிய எல்லாம் என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதாவ. நான் என்ன செய்ய?"

"நீயும் அழு. இன்னும் ஒரே ஒரு குகைதான்."

வெளியே போய் அழுதாள். ஆத்திரத்தில் வந்த அழுகை என்பதால் நன்றாகவே வந்தது.

அடுத்து எதிர்வீட்டு ராக்கப்பன் கதவைத் தட்டினார்.

"தம்பி, கூமாப்பட்டிக்கு வேன் சொல்லியாச்சு. தெருவே வருது."

"நாளைக்குத்தான் எடுக்காவ அண்ணாச்சி. செத்த நேரம் என்னையத் தனியா விடுங்க."

"பாவம், தனியா அழணும்ங்கான்" என்று ராக்கப்பன் முன்னறையில் அறிவித்தார். அதைக் கேட்டதும் பெண்கள் ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். பாறை உருளும் சத்தம் கேட்டதும் குதித்தால்தான் ஏழாவது குகையில் உயிர் பிழைக்க முடியும். ஒப்பாரியில் அது காதில் விழவில்லை. வைகுண்டராஜ் டிவி சத்தத்தைக் கூட்டினான். குதித்தான். தப்பித்தான். கடைசிக் கதவு மெல்லத் திறக்க ஆரம்பித்தது. 

திரை இருண்டது. ஃபேனும் நின்றது.

"ஐயோ, போச்சே! எல்லாம் போச்சே!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தவன், தரையில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதான்.

"எம்புட்டுப் பாசம்!" என்று சுடலைமாடத்தி மூக்கைச் சிந்தினாள்.

வாசல் பக்கமிருந்து வந்த ராக்கப்பன், குனிந்து அவன் காதோடு சொன்னார்.

"துக்கத்துல டிவியை அமத்த மறந்துட்டே போல, சத்தம் தெரு முக்கு வரைக்கும் கேக்கு. துட்டி வீட்டை நாலு பேரு தப்பாப் பேசிரக் கூடாதுல்லா தம்பி, அதான் நான் பியூஸைப் புடுங்கிட்டேன்."