சக்கு நானாவும் கலப்பு மாடும்

கடல் உப்புக் கரிக்கும் என்பதைக்கூட நக்கிப் பார்க்காமல் நம்பாத ஒரு மனிதர் புத்தளம் மாவட்டத்தில் இருந்தார். அவர்தான் எங்கள் பால்காரர் சக்கு நானா. உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. ஒருநாள் கேட்டதற்கு, "எதுக்குக் கேக்கிறீங்க?" என்று முறைத்தார். அதோடு விட்டுவிட்டேன். 'ஷக்' என்றால் அவரைப் போன்ற முஸ்லிம்கள் பேச்சில் சந்தேகம், 'நானா' என்றால் அண்ணன். வாயைத் திறந்தால் "எனக்குச் சக்கா இரிக்கு" என்பார். ஊர் அதையே பெயராக வைத்துவிட்டது.

யுத்தம் முடிந்த கையோடு வன்னியிலிருந்து மாம்புரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வாத்தியாராக வந்தேன். கூடவே மனைவியும் மூன்று வயது மகளும். மகள் உடம்பில் எலும்பைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. பால்மா கரைத்துக் கொடுத்தால் அடுத்த நிமிஷமே வாந்தி எடுத்தாள். பசும்பால் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். எல்லாரும் சக்கு நானாவைக் கை காட்டினார்கள்.

சைக்கிளை விட்டு இறங்காமலே விசாரணை நடந்தது.

"எந்த ஊரு?"

"கிளிநொச்சிப் பக்கம்."

முகம் சுருங்கிப் போயிற்று. அவர் தொண்ணூறில் எங்கள் பக்கத்து இயக்கத்தால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த சாறனோடு வந்தவர். எங்கள் பக்கத்து ஆட்களைச் சந்தேகிக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"பால் புள்ளைக்கா, நீங்க தேத்தண்ணி ஊத்தவா?"

"பிள்ளைக்குத்தான் நானா."

"புள்ளயக் காட்டுங்க."

காட்டினேன். மேலும் கீழும் பார்த்தார். சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். மறுநாள் காலை எங்கள் படலைக் கதவில் அரைப் போத்தல் பால் தொங்கியது.

அவரிடம் இருந்தவை இரண்டு நாட்டு மாடுகள், பால் ஊற்றியது எங்களோடு சேர்த்து எட்டு வீடுகளுக்கு. தண்ணீர் கலப்பது அவர் அகராதியில் கொலைக் குற்றம். வாங்குகிறவர் ஒரு சொட்டை நகத்தில் விட்டுப் பார்க்காவிட்டால் அவருக்குக் கோபம் வரும். "பாருங்க, ஓடாம நிக்கிதா? பாக்காம வாங்குற ஆள எனக்குப் புடிக்காது!" மழை நாளில் ஒவ்வொரு மூடிக்கும் மேலே பொலித்தீனைச் சுற்றி ரப்பர் வளையமும் போட்டிருப்பார். அவருக்கு வானத்தின் மேலும் சந்தேகம்.

ஒரு மாடு கிழடாகிப் பால் வற்றியது. நானா பால் ஊற்றும் வீடுகளை வெட்டத் தொடங்கினார். முதலில் வெட்டியது சொந்த மச்சானின் வீட்டை. அடுத்தது பலசரக்குக் கடைக்காரர் வீடு. போனவர்களெல்லாம் பால்மாவுக்கு மாறினார்கள். "மாவக் கரைச்சா கூழ்தானே வரும், பால் எப்பிடி வரும்?" என்று நானா ஒழுங்கை முழுக்கக் கேட்டுத் திரிந்தார். கடைசியாக வந்தவர்கள் நாங்கள். அடுத்த வெட்டு எங்களுக்குத்தான் என்று நானும் மனைவியும் காலைக்குக் காலை பயந்து செத்தோம்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சொன்னேன். "நானா, வண்ணாத்திவில்லுவிலயிருந்து ஊசிக்கார மாத்தயா எண்டு ஒரு சிங்கள ஐயா வாறவராம். சினை ஊசி போட்டால் ஜேர்சிக் கன்று பிறக்குமாம்."

"இதுல ஒங்களுக்கு என்ன லாபம்?"

"பால்தான் நானா, வேறென்ன!"

மாத்தயா மோட்டார் சைக்கிளில் வந்து பெரிய தகரக் குடுவையைத் திறந்தார். குப்பென்று வெண்புகை கிளம்பியது. நானா மூன்று அடி பின்னால் பாய்ந்தார். மாத்தயா அதற்குள்ளிருந்து ஈர்க்கு மாதிரி ஒரு குழாயை எடுத்தார்.

"இதுதான் காளை."

"இதுக்குள்ளயா? எங்க, ஒருக்காக் கத்தச் சொல்லுங்க பாப்பம்!"

பிறகு காளையின் ஊர், தாய் தகப்பன், நோய்நொடி எல்லாம் கேட்டார். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள்கூட இவ்வளவு குடைந்திருக்க மாட்டார்கள்.

மாத்தயாவுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "நாட்டு மாடு வெயில் தாங்கும், உண்ணி தாங்கும், பால் கொஞ்சம். ஜேர்சி பால் நெறைய, இங்க வெயிலுக்கு விழும். ரெண்டும் சேந்தா நல்ல களப்பு மாடு!"

"களப்பு மாடா? கடல் களப்புக்குள்ள இருந்து மீன் வரும், றால் வரும். மாடு எப்பிடி வரும்?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை. "களப்பு இல்லை நானா, கலப்பு. கலப்பு மாடு."

அவ்வளவுதான்! நானாவின் முகம் கறுத்தது. "கலப்பா? இருவது வருஷமா கலப்பில்லாமப் பால் ஊத்துறவன்ட வீட்டுல கலப்பா? எடுங்க சைக்கிள!"

மாத்தயா "அனே!" என்றபடி புகையை மூடிக்கொண்டு ஓடினார்.

மூன்று வாரம் போனது. ஒரு காலை இருந்த ஒரே கறவை மாடும் வாளியை உதைத்துக் கொட்டிவிட்டது. அது தெரியாமல் மகள் கோப்பையோடு படலையில் நின்றாள். நானா வெறும் போத்தலோடு வந்து அவளைப் பார்த்தார். பிறகு என்னிடம், "அந்த ஊசிக்காரன வரச் சொல்லுங்க. மாடு காளைக்குக் கத்துது," என்றார். குரலில் கோபம் இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

பசுக்கன்றுதான் பிறந்தது. செம்மண் நிறம், மை தீட்டிய கண். "இது தாய மாதிரி இல்லியே," என்றார் நானா. தகப்பன் சாயலாக்கும் என்றேன். "தகப்பன எவன் கண்டான்?" என்றார். உச்சி வெயிலில் அது மயங்கி விழுகிறதா என்று பார்க்கக் குடை பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். கன்று விழவில்லை. நானாவுக்குத்தான் தலை சுற்றியது.

கன்று வளர்ந்து கறவைக்கு வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை ஒரே மாடு, மூன்றே வீடு. அது பால் வற்றிய மாதங்களில் எங்கேயோ மிதித்துப் போய், பிறத்தியார் மாட்டைத் தன் கண்முன்னால் கறக்க வைத்து வாங்கி வந்தார். எங்கள் போத்தல் ஒருநாளும் நிற்கவில்லை. கன்னத்தில் சதை பிடித்து மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

கலப்பு மாடு முதல் கன்று போட்டு ஏழு போத்தல் கறந்தது. மாட்டுக்கு அடியில் குழாய் ஏதும் போகிறதா என்று நானா குனிந்து பார்த்தாராம். பிறகு விட்டுப்போன வீடுகளுக்கெல்லாம் போனார். "கலப்பு மாடாமே நானா, பாலும் கலப்பா?" என்று மச்சானே கேட்டார். நானாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! "கேளுங்க, கேக்கத்தான் வேணும்! நகத்த நீட்டுங்க!"

பழையபடி எட்டு வீடும் சேர்ந்த அன்று, நானாவின் மனைவி என் மனைவியிடம் வந்து சொன்னாராம்: "இன்டைக்கித்தான் புள்ள எங்கட வீட்டுல பால் தேத்தண்ணி. நாலு வருஷமா அவர் பாலில்லாத வெறும் சாயம்தான் குடிச்ச. எங்களுக்கு எடுத்து வச்ச பாலத்தான் ஒங்கட வீட்டுக்குக் கொண்டு வந்த."

நான் விழுந்தடித்துக்கொண்டு போனேன். நானா மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் நானா இப்பிடிச் செய்தனீங்கள்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பால்ல எனக்குக் கொஞ்சம் சக்கா இருந்த மாஸ்டர். அதான் குடிக்கல்ல."

"ஓம் நானா," என்றேன். வாளியை எடுத்து மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.