நே

நாற்காலியில் மல்லாந்து கிடந்தவர் "நே!" என்று அலறியதும் பல் டாக்டரம்மாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

பத்து மணிக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் வருவார் என்று நோட்டில் இருந்தது. எந்த நாடு என்று எழுத நர்ஸ் மறந்துவிட்டாள். சரியாகப் பத்துக்குத் தொப்பியும் வீங்கிய கன்னமுமாக ஒருவர் வந்தார். வலியில் பேச முடியாமல் கன்னத்தைக் காட்டிவிட்டு ஏறிப் படுத்தார். டாக்டரம்மா அவர் வாய் மூடாதபடி ரப்பர் கட்டை ஒன்றைச் சொருகி, கீழ்க் கடைவாய்ப் பல்லைத் தட்டி, வலிக்கிறதா என்று சைகையில் கேட்டாள். அதற்குத்தான் இந்த "நே".

"நேன்னா என்னடி?"

நர்ஸ் செல்போனைத் துழாவினாள். "செக் மொழியில 'இல்ல'ன்னு அர்த்தம் டாக்டர்."

"அப்ப வலியில்ல." இன்னும் பலமாகத் தட்டினாள்.

"நே! நே!" மனிதர் உதைத்த உதையில் ஒரு செருப்பு பறந்துபோய்க் கைகழுவும் தொட்டியில் விழுந்தது.

"ஐயையோ! கிரேக்கத்துல நேன்னா 'ஆமா'வாம்!"

"அத முதல்லயே சொல்றதுக்கென்ன?" அவசரமாகக் கீழ் ஈறில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டாள். அவரோ விட்டத்தைப் பார்த்து விரலை ஆட்டினார். விளக்கு கண்ணைக் கூசுகிறதாக்கும் என்று நர்ஸ் அதை அணைத்தாள். இப்போது வாய்க்குள் டாக்டரம்மாவுக்கே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"கொரியன்லயும் 'ஆமா'தான் டாக்டர்."

"ரெண்டும் சொந்தக்கார மொழியா?"

"ஒட்டும் இல்ல, உறவும் இல்லயாம். சும்மா அப்படி அமைஞ்சிருச்சு. இந்தியில அது வேற்றுமை உருபு."

"உருபுக்கா மனுஷன் இந்த உதை உதைக்கிறாரு?"

டாக்டரம்மாவுக்கு வியர்த்தது. அவள் படித்தது பல்லைத்தான், பாஷையை அல்ல. கடைசியாகக் குறடு ஒன்றை எடுத்து அவர் கண்முன் ஆட்டி, பிடுங்கிவிடலாமா என்று சைகை செய்தாள்.

"நேஏஏஏ!"

"ஆமாவுக்கு ரெண்டு, இல்லைக்கு ஒண்ணு. மெஜாரிட்டி பிடுங்கச் சொல்லுது. தோளைப் பிடி!"

குறடு பல்லைக் கவ்விய அந்த நொடியில் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தாள்.

"ஏன் டாக்டர், உதடு ஒட்டாம எங்க வீட்டுக்காரருக்கு 'மே' எப்படி வரும்? 'மேல் பல்லு, மேல் பல்லு'ன்னு அவரு கத்துறது தெருவுக்கே கேக்குது!"