வறட்சிப் பகுதியில் முழங்கால் தண்ணீர்

ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரம் வறட்சிப் பகுதி என்று ஐப்பசியில் அரசாங்கம் அறிவித்தது. கார்த்திகையில் கண்மாய் உடைந்தது. அறிவிப்பு மட்டும் உடையாமல் நின்றது.

உரக்கடை வேல்சாமி வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். வீட்டுக் கடன் வாங்கியபோது பேங்கில் அவர் தலையில் கட்டிவிட்ட இன்சூரன்ஸ் ஒன்று இருந்தது. அதை ஞாபகப்படுத்தியவள் மனைவி முருகம்மாள்.

"அடுப்படிச் செவரு ஊறிப்போயி நிக்குது. கிளைம் போடுங்க."

வெள்ளம் வந்ததற்கு வி.ஏ.ஓ. சான்றிதழ் வேண்டும் என்றது இன்சூரன்ஸ் ஆபீஸ். வி.ஏ.ஓ. ராமசுப்பிரமணியன் நேரில் வந்தார். கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழே ஓடும் தண்ணீரைக் கடமையுணர்வோடு பார்வையிட்டார்.

"வெள்ளம்னு எழுத முடியாது. ரெக்கார்டுல இது வறட்சிக் கிராமம்."

"அப்ப இது என்ன சார்?"

"தண்ணிதான். இல்லேன்னு நான் சொல்லலையே. ஆனா அறிவிக்கப்படாத தண்ணி. நீங்க கிளைம் போடுறதா இருந்தா மேல எழுதிப்போடுறேன். வறட்சி கேன்சலாகி, வெள்ளம் சாங்ஷன் ஆகணும்."

இந்தப் பேச்சு தெருவுக்குள் கண்மாய்த் தண்ணீரைவிட வேகமாகப் பாய்ந்தது. பக்கத்து வீட்டுக் கூத்தையா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, வறட்சி கேன்சலானா எங்க நிவாரணம் என்னாகுறது? ஒங்க ஒத்தச் செவத்துக்காக ஊரையே முழுகடிச்சிராதீக!"

வேல்சாமி இரண்டு நாள் யோசித்தார். நாளைக்கும் இதே முகங்களுக்குத்தான் உரம் விற்க வேண்டும். கிளைம் போடவில்லை என்று சொல்லிவிட்டார்.

"ஊருக்கு நல்லவரா இருங்க," என்றாள் முருகம்மாள். "நான் சோத்த எங்கன வச்சு ஆக்குறது?"

அந்த வாரமே வறட்சியைப் பார்வையிட அதிகாரி வந்தார். ஜீப் தெருமுனைத் தண்ணீரில் நின்றுபோனது. ஊரே கூடித் தள்ளியது. பேண்ட்டைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு அவர் வேல்சாமி வீட்டை எட்டிப் பார்த்த நேரம், அடுப்படிச் சுவர் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது. அதிகாரி தலையோடு நனைந்தார்.

"இது எப்படி விழுந்துச்சு?"

வி.ஏ.ஓ. வேல்சாமியைப் பார்த்தார். ஊரே வேல்சாமியைப் பார்த்தது. முருகம்மாளும் பார்த்தாள்.

"வெயிலு சார்," என்றார் வேல்சாமி. "காஞ்சு வெடிச்சுப் போச்சு."

அதிகாரி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "ரொம்பக் கொடுமையான வறட்சி," என்றார். உடனடி நிவாரணமாக ஒரு லாரி குடிதண்ணீருக்கு உத்தரவானது.

லாரி தத்தளித்து வந்து சேர்ந்தது. ஊரே குடத்தோடு பாய்ந்தது. முழங்கால் தண்ணீரில் தள்ளுமுள்ளு. முருகம்மாளை இடித்துக்கொண்டு கூத்தையா முன்னால் போகப் பார்க்க, வேல்சாமிக்கு வந்ததே ஆத்திரம்!

"ஏலே, வரிசையில வாங்கலே! தண்ணி பத்தாது!"