வராத வேட்பாளரின் ஆறு நிமிடங்கள்

டன்னிங் கிரீக், அயோவா
அக்டோபர் 20

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் திரு. ஹார்லன் ஓஸ்ட் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இங்கே சுகம். நீங்களும், இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் உங்கள் மனைவியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

சென்ற ஒன்பதாம் தேதி வியாழன் மாலை ஆறரை மணிக்கு, எங்கள் ஆலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்த வேட்பாளர் கூட்டத்தில் இருந்தவர்கள்: நான், என் கணவர் வெர்லின், பாஸ்டர் டுவேன் ஹெல்லிங், எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் தபால் கொடுத்து வாங்கும் ஜன்னலைப் பார்த்துக்கொள்ளும் லோர்னா ஸ்வென்சன், வாஷிங்டன் காங்கிரஸ் சபைக்குப் போட்டியிடும் திருமதி மார்லா டீட்ரிக், அவருடைய காரை ஓட்டிவந்த மனிதர் (பெயர் சொல்லவில்லை, ஆப்பிள் பை பலகாரம் மூன்று துண்டு சாப்பிட்டார்), ஊர்க்காரர்கள் நாற்பத்தைந்து பேர். ஆக ஐம்பத்தோரு பேர். போட்டிருந்த நாற்காலிகள் ஐம்பத்திரண்டு. மிச்சமிருந்த அந்த ஒரு நாற்காலியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்த நாற்காலி, இப்போது அந்தப் பதவியில் இருந்து மறுபடியும் போட்டியிடும் திரு. கிரெக் ஸ்டால்கப்புக்காகப் போட்டது. வருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். லோர்னா அவர் பெயரை அட்டையில் நீல வண்ணத்தில் எழுதி, பூவும் வரைந்து மேசைமேல் வைத்திருந்தாள். தண்ணீர்க் கிளாஸ் வைத்தாயிற்று, ஆப்பிள் பையும் ஒரு துண்டு வைத்தாயிற்று. ஆறே முக்கால் வரை பார்த்தோம். எங்கள் பெண்கள் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் கூட்டத்தின் விதிகளை எழுதியது நான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் இரண்டு நிமிடம், யாருக்கும் கூடவோ குறையவோ கிடையாது. வராதவருக்கு எவ்வளவு நேரம் என்று விதியில் எதுவும் இல்லை. இல்லாத விதியை நானாக உண்டாக்குவது முறையல்ல. ஆகவே முட்டை வேகவைக்கும்போது வைக்கும் மணியைத் திருகி, நாற்காலிக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தேன்.

முதல் கேள்வி லோர்னாவுடையது. ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து எங்கள் தபால் ஜன்னல் மூடப்படலாம் என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த தபால் நிலையம் பத்தொன்பது மைல் தள்ளி. திருமதி டீட்ரிக் எழுந்து, "நல்ல கேள்வி. தபால் சேவைன்னா அது வெறும் தபால் இல்லீங்க, அது நம்ம வாழ்க்கை முறை," என்று தொடங்கி ஒரு நிமிடம் ஐம்பது விநாடி பேசினார். லோர்னா, "அதெல்லாம் சரிம்மா, மூட விடுவீங்களா, மாட்டீங்களா?" என்றாள். "ரொம்ப நல்ல கேள்வி," என்றார் அவர். மணி அடித்துவிட்டது. அன்று மாலை அவர் "நல்ல கேள்வி" என்று சொன்னது ஒன்பது முறை. குறிப்பேட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து நாற்காலியின் முறை. முதல் அரை நிமிடம் சிலர் இருமினார்கள். காரோட்டி சிரித்தார். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபமா தூக்கமா என்று எழுதிக்கொள்ள முடியவில்லை. அப்போதுதான் என் கணவர் எழுந்தார். ஐயா, வெர்லின் ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்து பதினோரு வருடமாகிறது. கடைசியாகப் பேசியதும் யாரோ தன் தொப்பிமேல் உட்கார்ந்துவிட்டார் என்பதற்காகத்தான். அவர் நாற்காலியைப் பார்த்து, "ஐயா, என் நெஞ்சுவலி மாத்திரை தபால்லதான் வருது. நீங்க மூடிட்டீங்கன்னா பத்தொன்பது மைல் நான்தான் வண்டிய எடுத்துட்டுப் போகணும். குளிர் காலத்துல நாலரைக்கே இருட்டிடும். இருட்டினா எனக்கு ரோடே தெரியறதில்லை. ரெண்டு வருஷமா தெரியல. வீட்டுலகூடச் சொல்லல," என்றார். பிறகு, "குறுக்க பேசாம கேட்டீங்களே, அதுக்கு நன்றி," என்று உட்கார்ந்துவிட்டார். கண் விஷயம் எனக்கும் அன்றுதான் தெரியும். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் கேள்வி மாவட்ட மருத்துவமனையில் பிரசவப் பகுதியை மூடியது பற்றி. மூன்றாவது சோள விலை பற்றி. திருமதி டீட்ரிக் பேசும்போது ஜனங்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாற்காலியின் முறை வந்ததும் வரிசையில் நின்றார்கள். போன மார்ச்சில் காரிலேயே பிள்ளை பெற்ற பெண் அதை இடம், மைல் கணக்கோடு நாற்காலிக்குச் சொன்னாள். பின்வரிசையில் ஒருவர், "ஒத்துக்கிட்டாராய்யா?" என்று கேட்க, முன்வரிசையில் ஒருவர், "மறுக்கலையே!" என்றார். திருமதி டீட்ரிக் என்னிடம் வந்து, "அம்மா, அந்த நாற்காலியோட நேரத்தை எனக்குக் கொடுத்தா நானும் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேனே," என்றார். விதிப்படி நேரத்தைக் கைமாற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன். அது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

முடிவில் எங்கள் ஊர் வழக்கப்படி ஆளுக்கு ஒரு சோளமணி கொடுத்து, பெயர் ஒட்டிய கண்ணாடி ஜாடிகளில் போடச் சொன்னோம். திருமதி டீட்ரிக்கும் காரோட்டியும் வெளியூர், ஆகவே மணிகள் நாற்பத்தொன்பது. டீட்ரிக் ஜாடியில் பதினெட்டு, ஸ்டால்கப் ஜாடியில் முப்பத்தொன்று. பொறுப்புள்ள ஜனங்கள் ஒரு மரச்சாமானுக்கு எப்படி வாக்களித்தார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. பேசாமலிருந்தால் மூடனையும் உலகம் ஞானவான் என்று எடுத்துக்கொள்ளும் என்று சாலொமோன் ராஜா அப்போதே எச்சரித்திருக்கிறார்.

இனி உங்கள் பத்திரிகைக்கு வருகிறேன். நான் அனுப்பிய குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தது: "திரு. ஸ்டால்கப்பின் நாற்காலி: ஆறு நிமிடம். குறுக்கிடவில்லை." பதினாறாம் தேதி இதழில் நீங்கள் போட்ட "வேட்பாளர்களின் நிலைப்பாடு" அட்டவணையில் நாற்காலி என்ற சொல்லைக் காணோம். இடம் போதவில்லை போலிருக்கிறது. தபால் நிலையம் என்ற கட்டத்தில் திருமதி டீட்ரிக்குக்கு நேரே "பரிசீலிப்பார்" என்றும், திரு. ஸ்டால்கப்புக்கு நேரே "ஆறு நிமிடம் மக்கள் குறைகளைக் குறுக்கிடாமல் கேட்டார்" என்றும் இருக்கிறது. சனிக்கிழமை ஊரில் எல்லாத் தபால் பெட்டிக்கும் பளபளப்பான அட்டை வந்துவிட்டது: "டன்னிங் கிரீக், உங்கள் குரலைக் கேட்டேன். உங்கள் தபால் நிலையத்துக்குத் துணை நிற்பேன். கிரெக்." நூற்று நாற்பது அட்டைகளையும் பெட்டி பெட்டியாகப் போட்டது லோர்னா. "ஏன்டி ஆர்டிஸ், என் பொழப்புக்கு ஆபத்து வந்தப்ப எட்டிக்கூடப் பார்க்காத ஆளோட அட்டைய நானே பட்டுவாடா பண்ணணுமா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் நான் எழுதிய குறிப்பினால் வந்ததாயிற்றே.

இன்று காலை திரு. ஸ்டால்கப்பின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து, "ஐயாவுக்கு உங்களை எல்லாம் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்மா," என்றாள். அவர் வரவே இல்லை என்றேன். "வந்ததாத்தான் எங்க பதிவுல இருக்கு." சரி, தபால் ஜன்னலை மூட விடுவாரா, மாட்டாரா என்றேன். "அது உங்க ஊர்ப் பேப்பர்லயே வந்திருக்கேம்மா, பார்க்கலையா?" என்றாள். அடுத்து டீட்ரிக் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். நல்ல கேள்வி என்றார்கள்.

ஆகவே நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, அட்டவணையில் நாற்காலி என்ற சொல்லைச் சேர்த்துத் திருத்தம் போடுங்கள். இரண்டு, தேர்தலுக்கு முந்தைய இதழில் இருவரிடமும் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வாங்கிப் போடுங்கள்.

உங்கள் அச்சுக்கூடத்தையும் வீட்டையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. உங்கள் மனைவிக்கு வெர்லினும் அன்பு சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
ஆர்டிஸ் வெஸ்டர்காம்ப்
செயலாளர், பெண்கள் சங்கம்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட பிறகு வெர்லினிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "முப்பத்தொண்ணுல உன்னுது இல்லையா?" என்றார். ஐயா, இருக்கிறது. நாற்பத்து நான்கு வருடம் கூட வாழ்ந்தும் என்னிடம் சொல்லாததை இந்த மனிதர் அந்த நாற்காலியிடம் சொன்னார். என் சோளமணி தானாக அந்த ஜாடியில் விழுந்துவிட்டது. மரச்சாமான் என்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். திருத்தத்தையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். துணை நிற்பேன் என்று எழுத்தில் கொடுத்திருப்பது அந்த அட்டை ஒன்றுதான். அவர் வரவில்லை என்று நீங்கள் போட்டால், அட்டையையும் தான் எழுதவில்லை என்று சொல்லிவிடுவார் என்கிறாள் லோர்னா. அந்த அட்டையைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். அது வீணாகாதபடி அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஆம், இல்லை என்று பதில் வாங்குங்கள். வெர்லினின் மாத்திரை ஜனவரி ஒன்பதாம் தேதிவரைதான் இருக்கிறது. சீக்கிரம் பதில் எழுதவும்.